கியர் போட்ட பிறகும் வண்டி நகரத் தாமதமா? ஆட்டோமேட்டிக் காரில் காரணத்தைத் தேடும் வரிசை

காலையில் வண்டியைக் கிளப்பி, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஆர்-க்கு, அதாவது ரிவர்ஸுக்கு, தள்ளுகிறீர்கள். வழக்கமாகக் கைக்குத் தெரியும் அந்தச் சின்னத் தட்டு வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்த பிறகுதான் 'டக்'கென்று பிடித்து வண்டி பின்னால் இழுக்கிறது. இந்தத் தாமதத்தின் காரணத்தை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரிசை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தக் குறையோடு எங்கள் பட்டறைக்கு வரும் பல வண்டிகளில், வருவதற்கு முன்பே யாரோ ஆயிலை மாற்றியிருப்பார்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டியிருப்பார்கள், ஏதோ ஒரு பாட்டில் மருந்தையும் ஊற்றியிருப்பார்கள். பழைய ஆயில் எவ்வளவு இருந்தது, என்ன நிறம், என்ன வாசனை, கம்ப்யூட்டரில் என்ன கோடு (பழுதைச் சொல்லும் குறியீடு) பதிவாகியிருந்தது எல்லாம் அதோடு போய்விடும். பிறகு குருட்டாம்போக்கில்தான் தேட வேண்டும். அதனால் முதலில் அளங்கள், எழுதுங்கள். ஸ்பேனர் அப்புறம்.

1. உங்கள் வண்டி எந்த வகை ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியும் உள்ளே ஒன்றல்ல. இந்த வழிகாட்டி டார்க் கன்வர்ட்டர் (என்ஜினின் சுற்றை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக்குக்கானது. சிவிடியிலும் (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை) டார்க் கன்வர்ட்டர் இருந்தால் 3, 4, 5, 8 ஆகிய படிகள் பொருந்தும். ஆனால் ஆயில் வேறு, லெவல் பார்க்கும் முறையும் வேறு.

ஏஎம்டி தனி இனம். மாருதி 2014-இல் செலேரியோவோடு கொண்டுவந்த வகை அது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்ச் தட்டும்தான். அவற்றை இயக்குவது மட்டும் கை காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் என்ற கருவி. அதில் வரும் தாமதத்துக்குக் கிளட்ச் தேய்மானத்தையும் ஆக்சுவேட்டரையும் பார்க்க வேண்டும். இரட்டை கிளட்ச் வண்டியும் தனிதான். எது என்று தெரியாவிட்டால் ஓனர் மேனுவலைப் பாருங்கள். வண்டி வாங்கிய இடத்தில் கேட்டால், "ஆட்டோமேட்டிக்தாங்க" என்று முடித்துவிடுவார்கள்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

சமதளமான இடம். நான்கு சக்கரத்துக்கும் அண்டக் கொடுக்கக் கட்டை. நோட்டு, பேனா, வீடியோ எடுக்க ஒரு போன். பஞ்சோ நூலோ உதிராத துணி. வெள்ளை டிஷ்யூ பேப்பர். ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று, அதுவும் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பநிலையைக் காட்டக்கூடியதாக. மலிவானவற்றில் பல என்ஜின் தகவலை மட்டுமே காட்டும். வாங்குவதற்கு முன் உங்கள் மாடலுக்கு அது கியர்பாக்ஸையும் படிக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆயில் பாட்டில் இப்போது வேண்டாம். வாங்கி வைத்தால் ஊற்றத்தான் தோன்றும்.

3. தாமதத்தை நொடியில் அளங்கள்

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற படிகள் எல்லாம் தானாகப் புரியும். என்ஜின் சுற்றும்போது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பம்பும் சுற்றி ஆயிலை அழுத்தத்தோடு தள்ளுகிறது. நீங்கள் டி (டிரைவ்) போட்டதும், ஆயிலுக்கு வழி திறந்து மூடும் வால்வ் பாடி அந்த ஆயிலை ஒரு பிஸ்டனுக்குப் பின்னால் அனுப்புகிறது. பிஸ்டன் நகர்ந்து கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது. அந்த அறை நிரம்பி அழுத்தம் ஏறும் நேரம்தான் நீங்கள் காத்திருக்கும் நேரம். நேரம் நீண்டால், ஆயில் குறைவு, அழுத்தம் குறைவு, வழியில் கசிவு, இவற்றில் ஒன்று.

அளப்பது இப்படி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி கியர்பாக்ஸைச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திப் பிடியுங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. ஏசி ஆஃப். லீவரும் ஆர்பிஎம் முள்ளும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி பக்கத்தில் ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

லீவரை என்-இலிருந்து (நியூட்ரல்) டி-க்குத் தள்ளுங்கள். கிளட்ச் பிடித்த கணத்தில் ஒரு சின்ன அதிர்வு தெரியும், முள்ளும் சற்றே இறங்கும். லீவர் நகர்ந்ததிலிருந்து அதுவரை எத்தனை நொடி என்று வீடியோவில் பாருங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி. இப்படி மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பிறகு என்-இலிருந்து ஆர்-க்கும் அதே போல மூன்று முறை.

டொயோட்டாவின் பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கான சர்வீஸ் மேனுவலில் இந்தச் சோதனை உண்டு. ஆயில் 50 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது என்-டி 1.2 நொடிக்குள், என்-ஆர் 1.5 நொடிக்குள் பிடிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. உங்கள் வண்டி வேறு நிறுவனம் என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல அளவுகோல். ரிவர்ஸ் சற்று மெதுவாகப் பிடிப்பது பொதுவாக இயல்புதான். அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். பிடிக்கவில்லையே என்று ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். என்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டிருக்கும்போது கிளட்ச் திடீரென்று பிடித்தால் அந்த அடி முழுவதும் தட்டுகளுக்குத்தான். அப்பார்ட்மென்ட் சரிவில் ஒருவர் இப்படி மிதித்து, வண்டி பாய்ந்து பின்னால் இருந்த தூணில் மோதியதை நேரில் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அங்கே குழந்தைகள் யாரும் நிற்கவில்லை. தாமதம் இருக்கும் வண்டியில் கியர் பிடித்ததை உணரும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள்.

4. எப்போது, எந்த கியரில்? இதுதான் பாதி விடை

மூன்று நாள் காலை, மதியம், மாலை என்று எழுதி வையுங்கள். வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, என்ஜின் சூடா குளிரா, டி-யிலா ஆர்-இலா, எத்தனை நொடி. நான்கு கட்டம் போட்ட ஒரு பக்கம் போதும். ஸ்கேனரில் தெரியாத விஷயம் இந்தப் பக்கத்தில் தெரியும்.

காலையில் முதல்முறை மட்டும் தாமதம், அப்புறம் நாள் முழுக்கச் சரி: டார்க் கன்வர்ட்டரில் நிற்க வேண்டிய ஆயில் இரவில் கீழே இறங்கிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு கசிந்தால் காலையில் பைப் காலியாகி, தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டியிருக்குமே, அதே கதை. என்ஜினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்தபடி என்-இல் ஒரு நிமிடம் விட்டு, அதன் பிறகு டி போட்டுப் பாருங்கள். உடனே பிடித்தால் சந்தேகம் வலுக்கிறது. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள வண்டியில் இன்னொரு சோதனையும் உண்டு. இரவு என்ஜினை நிறுத்திய சற்று நேரத்தில் ஒரு அளவு, காலையில் கிளப்புவதற்கு முன் ஒரு அளவு. ஆயில் ஆறினால் லெவல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காமல் கணிசமாக ஏறியிருந்தால், கன்வர்ட்டரில் இருந்தது கீழே வந்துவிட்டது என்று பொருள்.

குளிரில் ஒவ்வொரு முறையும் தாமதம், சூடானால் சரி: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் இறுகிப் போயிருக்கலாம். பழைய குக்கர் கேஸ்கட் முதலில் பக்கவாட்டில் ஆவியை விட்டுவிட்டு, சூடேறிய பிறகு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயில் மாற்றினால் இது கொஞ்சம் குறையலாம், தீராது.

குளிரில் சரி, சூடானால் தாமதம்: எனக்குக் கவலை தரும் வகை இது. சூடான ஆயில் நீர்த்துப் போய், தேய்ந்த பம்பு, தேய்ந்த வால்வ் பாடித் துளைகள் வழியாக நழுவிவிடுகிறது. ஆயில் லெவலும் சரியாக இருந்தால், வேலை உள்ளே இருக்கிறது.

டி, ஆர் இரண்டிலும் தாமதம்: இரண்டுக்கும் பொதுவானவற்றைப் பாருங்கள். ஆயில் அளவு, அடைத்த ஃபில்டர், பம்பு, பொது அழுத்தத்தை நிர்ணயிக்கும் வால்வோ, மின்சாரத்தில் இயங்கும் வால்வான சோலினாய்டோ.

ஒன்றில் மட்டும் தாமதம்: பம்பும் ஃபில்டரும் அநேகமாகத் தப்பின. அந்த கியருக்கான கிளட்ச், அதன் சீல், அதற்குப் போகும் வழி, இவைதான் குற்றவாளி. டி-யில் மட்டும் என்றால் முன்னோக்கு கிளட்ச். ஆர்-இல் மட்டும் என்றால் ரிவர்ஸ் கிளட்ச் அல்லது ரிவர்ஸ் பிரேக்.

வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். "அண்ணே, எப்பவுமே லேட்டாதான் பிடிக்குது, கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்லிட்டாங்க" என்றார். மூன்று நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எழுதி வந்ததைப் பார்த்தால், தாமதம் இருந்தது எல்லாம் காலை ஏழரை மணி வரிசையில் மட்டும். மதியம், மாலை எல்லாம் ஒரு நொடிக்குள். காலையில் ஏற்பட்ட பயம் நாள் முழுக்க நீண்டிருக்கிறது. அந்த வண்டியின் கியர்பாக்ஸை நாங்கள் திறக்கவே இல்லை.

5. ஆயிலைத் தொடுவதற்கு முன்: ஐடில், கேபிள், மவுண்ட்

பம்பைச் சுற்றுவது என்ஜின். என்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடி அழுக்கடைந்து ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகம்) இறங்கிப் போயிருந்தால் பம்பும் மெதுவாகச் சுற்றும், அழுத்தமும் குறையும். சூடான என்ஜினில் ஐடில் எவ்வளவு என்று பார்த்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் செய்யும் ஐந்து நிமிட வேலை.

அடுத்து, லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கேபிள். லீவர் டி-யில் நின்றாலும், கேபிள் தளர்ந்திருந்தால் உள்ளே இருக்கும் வால்வு பாதிதான் திறந்திருக்கும். பிரேக்கை மிதித்தபடி லீவரை மெதுவாக ஒவ்வொரு நிலையாக நகர்த்துங்கள். டாஷ்போர்டில் எரியும் எழுத்து லீவரோடு ஒத்துப் போகிறதா? டி-யில் இருக்கும்போது லீவரை லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் சட்டென்று பிடிக்கிறதா? பிடித்தால் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் பாருங்கள். லீவருக்குப் பதில் பொத்தானோ குமிழோ உள்ள புதிய வண்டிகள் பலவற்றில் கேபிளே கிடையாது. அங்கே இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

என்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்ட் போனால் 'தொம்' என்று அடிக்கும், ஆனால் நேரத்துக்கு அடிக்கும். தாமதமும் அடியும் வேறு வேறு. வீடியோவில் நேரம் சரியாக இருந்து அடி மட்டும் பலமாக இருந்தால் மவுண்டைப் பாருங்கள்.

6. ஆயில் லெவல்

இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். என்ஜின் ஆயில் பார்க்கிற மாதிரியே இதையும் பார்ப்பார்கள்.

டிப்ஸ்டிக் உள்ள வண்டி: பெரும்பாலானவற்றில் கியர்பாக்ஸ் சூடாகவும் என்ஜின் ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். நிறுத்திவிட்டால் கன்வர்ட்டரிலும் வழிகளிலும் இருக்கும் ஆயில் இறங்கி, லெவல் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பிரேக்கை மிதித்து லீவரை எல்லா நிலைக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் பி-க்குத் திரும்புங்கள். இப்படிச் செய்தால் எல்லா வழிகளும் நிரம்பும். டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, முழுதாகச் செருகி மறுபடி உருவுங்கள். சூடு என்று குறித்த கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். ஹோண்டா வேறு வழக்கம் வைத்திருக்கிறது. அதன் டிப்ஸ்டிக் உள்ள கியர்பாக்ஸ்களில் என்ஜினை நிறுத்திய ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். அதனால் மேனுவலைப் படிக்காமல் டிப்ஸ்டிக்கைத் தொடாதீர்கள்.

டிப்ஸ்டிக் இல்லாத வண்டி: இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். கியர்பாக்ஸின் அடியில் ஒரு செக் பிளக் இருக்கும். வண்டி முழுவதும் மட்டமாகத் தூக்கியிருக்க வேண்டும், என்ஜின் ஓட வேண்டும், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பிளக்கைக் கழற்றினால் ஆயில் நூலாக ஒழுகி நிற்க வேண்டும். டொயோட்டா டபிள்யூஎஸ் ஆயில் போடும் கியர்பாக்ஸ்களில் பலவற்றுக்கு இந்தச் சூடு 35 முதல் 45 டிகிரி. இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் பெட்டிக்கு 30 முதல் 50.

ஏன் இந்தக் கெடுபிடி? ஆயில் சூடானால் விரியும். 70 டிகிரியில் பிளக்கைத் திறந்தால், சரியான அளவில் இருந்த ஆயிலும் கொட்டிப் போகும். வழிவது நின்றதும் சரியாகிவிட்டது என்று மூடுவீர்கள். உண்மையில் ஆயிலைக் குறைத்திருப்பீர்கள்.

நம்மூர் சிக்கல் ஒன்று. மே மாதத்தில் வெயிலில் நின்ற வண்டியில் ஆயில் ஏற்கெனவே 40-ஐத் தொட்டிருக்கும். என்ஜினைக் கிளப்பி, லீவரை ஒரு சுற்றுக் கொண்டுபோய், கீழே குனிந்து ஸ்பேனரை மாட்டுவதற்குள் 45 தாண்டிவிடும். அதனால் இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் 35 வரும்வரை காத்திருந்து நிதானமாகச் செய்யலாம். மட்டமாகத் தூக்க வசதி இல்லாதவர்கள் இதை லிஃப்ட் உள்ள பட்டறையில் செய்வதுதான் நல்லது. முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி அளப்பது பொய் அளவு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போவது உயிருக்கு ஆபத்து.

ஆயில் குறைவாக இருந்தால், எங்கே போனது என்று தேடுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் எரிந்து குறைவதில்லை. கசிந்தால்தான் குறையும். ஆக்சில் சீல், கூலருக்குப் போகும் பைப், ஆயில் பேன் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கேஸ்கட் மூன்றையும் பாருங்கள்.

கூடுதலாக இருந்தாலும் தாமதம் வரும். சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருக்கிறது, காற்று அமுங்கும், பிஸ்டனைத் தள்ளாது. "கொஞ்சம் சேர்த்தே ஊத்திருவோம், நல்லதுதானே" என்பது இங்கே செல்லாது.

7. டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு

வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். சிவப்போ பழுப்போ பரவி, நடுவில் அழுக்கு தங்காமல் இருந்தால் பரவாயில்லை. சில ஆயில்கள் சீக்கிரமே பழுப்பாகும். எல்லா ஆயிலும் பிறக்கும்போதே சிவப்பும் இல்லை. அதனால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

நடுவில் கறுப்புத் துகள் தங்கி, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டின் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆயில் மாற்றி இதைச் சரி செய்ய முடியாது. உதிர்ந்தது திரும்ப ஒட்டாது.

ரோஸ் மில்க் மாதிரி இளஞ்சிவப்பில் கலங்கியிருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையானால் இப்படி ஆகும். வெள்ளத்தில் நின்ற வண்டியிலும் கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் (காற்று போய்வரும் சின்னக் குழாய்) வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். 2015-இலும் 2023-இலும் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பிறகு கைமாறி ஊர் ஊராகப் போயிருக்கலாம் என்பதால், பழைய வண்டி வாங்குபவர்கள் இந்தச் சொட்டைக் கட்டாயம் பாருங்கள். தட்டுகளின் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும். ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவைக் கூட்டும்.

8. ஸ்கேனரில் கோடு

என்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் படியுங்கள். பி0700 மட்டும் வந்தால், "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்று என்ஜின் கம்ப்யூட்டர் கை காட்டுகிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பாகம் வாங்காதீர்கள். பி0868 என்றால் ஆயில் அழுத்தம் குறைவு. பி0746 அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டைச் சொல்கிறது. வந்ததைப் படம் எடுத்து வைத்த பிறகுதான் அழிக்க வேண்டும்.

9. இப்போது ஆயில் மாற்றலாம்

லெவல் சரி, கருகவில்லை, தண்ணீர் இல்லை, ஆனால் ஆயில் பழையது என்றால் மாற்றிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. மேனுவலில் என்ன பெயர் இருக்கிறதோ அதே தரத்து ஆயில்தான். டெக்ஸ்ரான் 6, டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1, ஹூண்டாயின் எஸ்பி-4 எல்லாம் ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான், ஆனால் வழுக்கும் தன்மை ஒன்றல்ல. தட்டு பிடிக்கும் நேரமே அந்தத் தன்மையைப் பொறுத்தது. எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில் என்று விற்பதை, குறை தேடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஊற்ற வேண்டாம் என்பது என் தீர்மானம். புதிதாக ஒரு சந்தேகத்தைச் சேர்த்துக்கொள்வீர்கள்.

முதலில் ஆயில் ஊற்றும் துளையை மூடியிருக்கும் ஃபில் பிளக்கைத் தளர்த்திப் பாருங்கள். அது அசைந்த பிறகுதான் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக். எங்கள் பட்டறையில் வேலை பழகும் தம்பி ஒருவன் ஆயிலை முழுக்க வடித்துவிட்டு மேலே போனான். ஃபில் பிளக்கின் தலை துருப்பிடித்து உருண்டு போயிருந்தது. ஊற்ற வழி இல்லாமல் இரண்டு நாள் வண்டி லிஃப்டிலேயே நின்றது.

வடியும் ஆயிலை அளவு போட்ட கேனில் பிடியுங்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஊற்றினால் லெவலுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம், பிறகு செக் பிளக்கில் சரிபார்த்தால் போதும். கன்வர்ட்டரில் நிற்பது வடியாது என்பதால் ஒருமுறை மாற்றினால் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் புதிதாகும். சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவது இதனால்தான். பிளக்கின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

ஆயில் பேனைக் கழற்றும் வகை என்றால் உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். விரலில் மை போல ஒட்டும் சாம்பல் பசை இயல்பு. நகத்தில் சுரண்டினால் மினுக்கும் துண்டோ, சுருளோ வந்தால் ஃபில்டரை மாற்றி மூடிவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், உள்ளே ஏதோ உடைகிறது.

சீலை ஊத வைக்கும் பாட்டில் மருந்துகளை நான் ஊற்றுவதில்லை. சில வாரம் சரியானது போல இருக்கும். அந்தச் சில வாரத்தில் தட்டு இன்னும் தேயும்.

10. மறுபடி அளங்கள்

3-ஆம் படியில் அளந்த அதே இடம், அதே சூடு, அதே முறை. பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். "கொஞ்சம் தேவலாம் போல" என்ற உணர்வை நம்ப வேண்டாம், செலவு செய்த பிறகு மனசு அப்படித்தான் சொல்லும். சில வண்டிகளில் ஆயில் மாற்றியதும் கம்ப்யூட்டரில் பழைய பழக்கத்தை அழித்துப் புதிதாகப் பழக்க வேண்டும். மேனுவல் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

11. பட்டறையில் விடும்போது

எண் குறையவில்லை என்றால் அடுத்தது லைன் பிரஷர் சோதனை. கியர்பாக்ஸில் அதற்கென்று இருக்கும் துளையில் கேஜை மாட்டி, உண்மையான அழுத்தத்தை டி-யிலும் ஆர்-இலும் படிப்பார்கள். அழுத்தம் இரண்டிலும் குறைவு என்றால் பம்பு அல்லது பொது வால்வு. அழுத்தம் சரியாக இருந்தும் தாமதம் என்றால் அந்த கிளட்ச். இந்தச் சோதனை செய்யாமல், "இறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஸ்டால் சோதனையை வீட்டில் செய்து பார்க்கவும் வேண்டாம். பிரேக்கில் நிறுத்தி முழு ஆக்சிலேட்டர் மிதிக்கும் அதை, பழகியவர்களே ஐந்து நொடிக்கு மேல் செய்வதில்லை.

வண்டியோடு அந்த நோட்டுப் பக்கத்தையும், கோடு படத்தையும், டிஷ்யூ பேப்பரையும் கொடுங்கள். வடித்த ஆயிலில் ஒரு சின்ன பாட்டில் எடுத்து வைத்திருந்தால் அதையும். காலையில் மட்டும் வரும் குறை என்றால், முந்தின இரவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, மறுநாள் உங்கள் கண் முன்னால் முதல்முறை கிளப்பச் சொல்லுங்கள். பத்து மணிக்கு நீங்கள் ஓட்டிக்கொண்டு போனால் வழியிலேயே அது சரியாகிவிடும், அவர்களுக்குத் தெரியாது.